கிறித்தவப் பெண்கள் பள்ளியில் மகளைச் சேர்க்கிறீர்களா? இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சேருங்கள்

பெயர்ப்பலகையில் ஒரு புனிதரின் பெயர், வாசலில் மாதா சிலை, உள்ளே முழுக்கப் பெண் பிள்ளைகள். இவ்வளவு பார்த்ததுமே "நல்ல ஒழுக்கமாக வளர்ப்பார்கள்" என்று நாமே முடிவு செய்து படிவத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். மூத்தவளை நான் அப்படித்தான் சேர்த்தேன். இளையவளுக்குப் பள்ளி தேடும்போதுதான் கேள்வி கேட்கவே கற்றுக்கொண்டேன்.

முதல் கேள்வி, பள்ளியை நடத்துவது யார்? கிறித்தவப் பள்ளி என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். சிஸ்டர்களின் துறவு அமைப்பான கன்னியர் சபை ஒன்று நடத்தலாம், ஓர் ஆயரின் கீழ் இயங்கும் மறைமாவட்டம் நடத்தலாம், சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) திருச்சபை ஒன்று நடத்தலாம், நாலைந்து பேர் சேர்ந்த அறக்கட்டளையாகவும் இருக்கலாம். முதல்வரை நியமிப்பது யார், கட்டணத்தை ஏற்றுவது யார், புகார் என்றால் யாரிடம் போவது என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. கன்னியர் சபை என்றால் அதன் கதையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், பொழுதுபோக்குக்காகச் சொல்லவில்லை. 1609இல் மேரி வார்டு என்ற ஆங்கிலேயப் பெண் தொடங்கிய சபையிலிருந்து வந்தவைதான் லொரேட்டோ பள்ளிகள். கன்னியர் என்றால் மடத்துச் சுவருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், வெளியே வந்து பெண்களுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்று நின்றவர் அவர். 1872இல் தொன் போஸ்கோ என்ற இத்தாலியக் குருவும் மரிய மசரெல்லோ என்ற பெண்ணும் தொடங்கியது சலேசிய சகோதரிகள் சபை. தண்டித்துத் திருத்துவதைவிடத் தவறு நடக்கும் முன்பே பிள்ளைகளோடு பிள்ளைகளாகக் கூட இருக்க வேண்டும் என்பது அவர்கள் முறை. அப்படியென்றால் சோதிப்பது சுலபம்: இடைவேளையில் போய்ப் பாருங்கள், சிஸ்டர்களும் டீச்சர்களும் மைதானத்தில் நிற்கிறார்களா, அறைக்குள் நோட்டு திருத்திக்கொண்டிருக்கிறார்களா? சபையின் கொள்கை சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும், அதற்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.

அடுத்தது ஜெபம். நீங்கள் கிறித்தவர் இல்லையென்றால் "மதம் மாற்றுவீர்களா?" என்று கேட்டு எந்தப் பயனும் இல்லை, இல்லை என்றுதான் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்: காலை ஜெபம் எவ்வளவு நேரம், திருப்பலியோ ஆராதனையோ மாதத்துக்கு எத்தனை முறை, எல்லோருக்கும் கட்டாயமா, மறைக்கல்வி என்கிற கிறித்தவப் போதனை வகுப்புக்குத் தேர்வு உண்டா, வராத பிள்ளைகள் அந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள், கூட யார் இருப்பார்? கடைசிக் கேள்விதான் முக்கியம். மூத்தவள் பள்ளியில் அந்தப் பிள்ளைகளையெல்லாம் நூலகத்தில் உட்கார வைத்துவிடுவார்களாம், ஆசிரியர் யாரும் இல்லை, அலமாரியும் பூட்டியிருக்கும். நாற்பது நிமிடம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று இரண்டு வருடம் கழித்துத்தான் சொன்னாள். நீங்கள் கிறித்தவராகவே இருந்தாலும் இதெல்லாம் உண்டு, உங்கள் திருச்சபை வேறு, பள்ளியின் திருச்சபை வேறு என்றால் முதல் நற்கருணை, உறுதிபூசுதல் போன்ற சடங்குகளுக்கான தயாரிப்பெல்லாம் பள்ளியிலா உங்கள் கோயிலிலா என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

பெண்கள் மட்டும் படித்தால் மதிப்பெண் கூடும் என்று சேர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2014இல் 21 நாடுகளைச் சேர்ந்த சுமார் 16 லட்சம் மாணவர்களைப் பற்றிய 184 ஆய்வுகளைச் சேர்த்து அலசிப் பார்த்தார்கள். குடும்பப் பின்னணி போன்ற வித்தியாசங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஆண், பெண் என்று பிரித்து நடத்தும் பள்ளியால் பெரிய லாபம் எதுவும் தெரியவில்லை. அதனால் "பெண்கள் பள்ளி" என்ற பெயரை விட்டுவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேல் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் இருக்கிறதா, ஆய்வகத்துக் குடுவைகளில் தூசி படிந்திருக்கிறதா, விளையாட்டு என்றால் நிஜமாகவே ஓடவிடுகிறார்களா.

அப்புறம் கழிப்பறை. கூச்சப்படாமல் அம்மாக்கள் உள்ளே போய்ப் பாருங்கள். நான் போனபோது ஒரு கதவில் தாழ்ப்பாளுக்குப் பதில் ரிப்பன் கட்டியிருந்தது, ஒருத்தி உள்ளே போனால் தோழி வெளியே நின்று ரிப்பனை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாடியில் புது அரங்கம், குளிர்சாதன வசதியோடு! நாப்கின் போடக் குப்பைத்தொட்டி இருக்கிறதா, திடீரென்று தேவைப்பட்டால் யாரிடம் கேட்பது என்று அங்கே நிற்கிற ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் கேட்டால் முழு விவரமும் வந்துவிடும்.

விடுதி இல்லாத பள்ளி என்றால் தினமும் போகவும் வரவும் வேண்டும், அதுவும் கணக்கில் சேரும். பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் போய் நில்லுங்கள், பார்வையாளர் தினத்தன்று வேண்டாம், சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை. பிள்ளையை அழைத்துப்போக வருபவர் யார் என்று காவலாளி பார்க்கிறாரா? கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகைக்கு நிறுத்திவைத்தால் வீட்டுக்கு முன்கூட்டியே சொல்வார்களா? பேருந்து அந்த நேரத்துக்கும் உண்டா?

படிவத்தோடு என்னென்ன சான்றிதழ் என்று அலுவலகத்தில் கேட்டால் பட்டியல் தருவார்கள். கிறித்தவப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானச் சான்றிதழ், சில இடங்களில் பங்குத்தந்தையின் அல்லது போதகரின் கடிதமும் கேட்பார்கள், கடைசி நாளில் போய் அவரைத் தேடாதீர்கள். அக்கா அங்கே படிக்கிறாள், அம்மா பழைய மாணவி என்றால் அதைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள், பல பள்ளிகளில் அதற்கு முன்னுரிமை உண்டு.

பணம் பற்றிப் பேசத் தயங்கவே கூடாது. கல்விக் கட்டணத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவார்கள், சேர்க்கைக் கட்டணம், கட்டட நிதி, சீருடை, பேருந்து, சுற்றுலா எல்லாம் சேர்த்து ஒரு வருடத்துக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். முழுதாகக் கட்ட முடியாத குடும்பங்களுக்குச் சலுகை தருகிற பள்ளிகள் உண்டு, நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். நடுவில் வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டி வந்தால் எவ்வளவு நாள் முன்பு சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அடுத்த பருவக் கட்டணத்தையும் கேட்பார்களா என்பது படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் படித்துவிடுங்கள், நான் படிக்காமல் ஒரு பருவக் கட்டணத்தை விட்டவள்.