தோசை வட்டம், களி உருண்டை: குட்டிப் பசங்களுக்கு வடிவம் சொல்லிக் குடுக்கறது எப்படி

எங்க பாப்பா யூகேஜி. ஸ்கூல்ல ஒரு கலர் சார்ட் குடுத்து சர்க்கிள், ஸ்கொயர், டிரையாங்கிள்னு நல்லா மனப்பாடம் பண்ண வச்சிருந்தாங்க, ஒரு நாள் சும்மா பந்தைக் காட்டி இது இன்னான்னு கேட்டா சர்க்கிளாம், தட்டு? சர்க்கிள். சாத்துக்குடி? அதுவும் சர்க்கிள். முதல்ல சிரிச்சிட்டு விட்டுட்டேன். அப்புறம் யோசிச்சா தப்பு அவ மேல இல்ல, நாமதான் பந்து தட்டு வளையல் எல்லாத்தையும் ரவுண்டு ரவுண்டுன்னே சொல்லிக்கினு இருக்கோம். எங்க ஆயாகிட்ட, அதான் பாட்டிகிட்ட கேளுங்க, தோசை வட்டம், கேவுரு களி உருண்டை, ரெண்டையும் ஒரு நாளும் மாத்தி சொல்லமாட்டாங்க. தட்டை வடிவம் கன வடிவம்னு புக்ல இருக்கற விஷயமே அவ்ளோதாங்க. அதனால இங்கிலீஷ் பேர் அப்புறம் வந்துக்கட்டும், முதல்ல வட்டம் வேற, உருண்டை வேறன்னு வாய்ல வரட்டும்.

நான் சொல்ற முறை சார்ட்டுக்கு தலைகீழ். முதல்ல கையில புடிக்கற பொருள், அதுக்கப்புறம்தான் பேப்பர்ல இருக்கற படம். பொருள்னு பெருசா எதுவும் வாங்க வேணாம், காலி தீப்பெட்டி, பழைய டார்ச் செல், பந்து, லூடோ பகடை, டூத்பேஸ்ட் அட்டை டப்பா, சாம்பிராணி கோன் ஒண்ணு, இது போதும். மூணு வயசுக்கு கீழ இருக்கற குழந்தைனா கோலி, பகடை மாதிரி வாய்ல போட்டுக்கற சைஸ் எதையும் வெளியவே எடுக்காதீங்க.

பரீட்சை அட்டை இருக்கும்ல, அத நாலு புக்கு மேல சாய்ச்சு வச்சு ஒவ்வொண்ணா விட சொல்லுங்க. பந்து எப்படி விட்டாலும் உருளும். செல்ல படுக்க வச்சா உருளும், நிக்க வச்சா ஒண்ணு சறுக்கும் இல்ல தொப்புனு விழும். தீப்பெட்டி சறுக்க மட்டும்தான் செய்யும். உருளும், சறுக்கும், ரெண்டும் செய்யும்னு மூணு குவியலா அவங்களே பிரிச்சிடுவாங்க, பேரே சொல்லாம பாதி பாடம் முடிஞ்சிடும்.

இதுல நான் ஒரு இடத்துல நல்லா மாட்டினேன். எவர்சில்வர் டம்ளர எடுத்து இது உருளை, அதாவது சிலிண்டர்னு பெருமையா சொல்லி தரையில உருட்டி விட்டேன், அது நேரா போகாம வளைஞ்சு சுத்திக்கினு வந்து என் கால்கிட்டயே நிக்குது. பாப்பா, "ம்மா, உன் உருளை வீட்டுக்கு வந்துடுச்சு"ங்கறா. நம்ம டம்ளருக்கு வாய் அகலம், அடி குறுகல், அதனால அது சரியான உருளை இல்ல, தலை வெட்டின கூம்புன்னு வச்சுக்கோங்க. வாய்ப்பக்கம் ஒரு சுத்துல அதிக தூரம் போகுது, அடிப்பக்கம் கம்மி தூரம் போகுது, அதான் வளையுது. அப்புறம் செல்லயும் டம்ளரயும் பக்கத்துல பக்கத்துல உருட்டி எது நேரா போகுதுன்னு பந்தயமே வச்சோம்.

அடுத்தது மாவு அச்சு, எனக்கு ரொம்ப புடிச்சது இதுதான். தாம்பாளத்துல அரிசி மாவ மெலிசா பரப்பிக்கோங்க (கல்லு கோலமாவு வேணாம், கண்ணுல அடிச்சுப்பாங்க). காலி தீப்பெட்டிய படுக்க வச்சு அழுத்தி மெதுவா தூக்கினா ஒரு பெரிய செவ்வகம். மருந்து தடவின பக்கத்த அழுத்தினா ஒல்லியா நீளமா இன்னொண்ணு. நிக்க வச்சு அழுத்தினா குட்டியா ஒண்ணு. ஒரே பெட்டி, மூணு தினுசு செவ்வகம், ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டு, மொத்தம் 6 முகம். பகடைய எந்தப் பக்கம் அழுத்தினாலும் ஒரே சதுரம்தான், அதான் அது கனசதுரம், தீப்பெட்டி கனசெவ்வகம். தாயக்கட்டை இருந்தா அதையும் அழுத்திப் பாக்கலாம், நீளப்பக்கம் செவ்வகம், முனை சதுரம். செல்லோட அடியில வட்டம். பந்த எப்படி அழுத்தினாலும் ஒரு குழிதான் விழும், ஏன்னா அதுக்கு தட்டையான முகமே கிடையாது. பெட்டி கையில இருக்கு, மாவுல இருக்கறது அதோட முகம் மட்டும், இத நீங்க சொல்லக்கூட வேணாம், பாத்தாலே தெரியும்.

டூத்பேஸ்ட் டப்பாவ ஓரத்துல வெட்டி பிரிச்சு தரையில படுக்க போடுங்க. ஒட்டறதுக்கு விட்ட மடிப்ப கழிச்சிட்டா 6 செவ்வகம் நிக்கும், திரும்ப மடிச்சா டப்பா. அஞ்சு ஆறு வயசு பசங்களுக்கு விளிம்பு 12, முனை 8ன்னு விரல் வச்சு எண்ண சொல்லலாம், அதுக்கு சின்னவங்கள எண்ண வச்சு அழ வைக்காதீங்க.

கூம்புக்கு கடலை பொட்டலம் மடிச்சா முடிஞ்சது.

பேப்பர்ல வரையும்போது ஒரு விஷயம். முக்கோணத்த எப்பவும் கூரை மாதிரியே வரையாதீங்க, தலைகீழா, ஒல்லியா, சாய்ஞ்சு எல்லாம் வரைங்க, இல்லனா திருப்பி வச்சா அது முக்கோணம் இல்லன்னு அடம் புடிப்பாங்க. சதுரத்த லேசா திருப்பினா டைமண்ட்னு சொல்றதும் இதே கதைதான், அதுக்கு தாள நீங்க திருப்பாம அவங்களயே சுத்தி வந்து பாக்க சொல்லுங்க.

வேலூர்ல இருக்கறவங்களுக்கு கோட்டை ஒண்ணு போதும். வெயில் ஏறறதுக்கு முன்ன காலையிலயே போயிடுங்க, நம்ம ஊர் வெயில் தெரியும்ல. அகழி ஓரமா நடந்தா மதில்ல அங்கங்க உருளையா முன்னாடி வந்து நிக்கற கொத்தளமும் இருக்கு, பெட்டி மாதிரி துருத்திக்கினு நிக்கறதும் இருக்கு, எது எதுன்னு எண்ணிக்கினே வரலாம். கோட்டைக்குள்ள இருக்கற ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்த பிரமிடுன்னு மட்டும் சொல்லிடாதீங்க, நான் சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன். பிரமிடு மேல கூரா முடியணும், கோபுரம் மேல போகப்போக குறுகினாலும் உச்சியில வண்டி கூடாரம் மாதிரி நீளமா வளைஞ்சு, அதுக்கு மேல வரிசையா கலசம். "மேல குத்தவே குத்தாதேம்மா"ன்னா பாப்பா. ஸ்ரீபுரம் தங்கக் கோயிலுக்கு போனப்ப, நட்சத்திர வடிவத்துல இருக்கற பாதையில நடந்துக்கினே நட்சத்திரம் எங்கன்னு பாப்பா கேட்டா, உள்ள நடக்கறவங்களுக்கு அது தெரியாது, மேல இருந்து பாத்தாதான் தெரியும். வீட்டுக்கு வந்து கோலம் போட்டு அது மேல எறும்ப விட்டு காட்டினேன், எறும்புக்கும் தெரியாதுல்ல.

கடைசியா காசு. ஒத்த ரூபா காச எல்லாரும் வட்டத்துக்கு காட்டுவோம், பத்து காச அடுக்கினா உருளை ஆயிடும். அப்ப ஒரு காசு இன்னான்னு பாப்பா கேட்டா, ரொம்ப குட்டையான உருளைன்னு சொன்னேன். "அப்ப தோசையுமா?"ன்னு அடுத்த கேள்வி. ஆயா அடுப்பங்கரையில இருந்து, "அது வட்டம்தான், ஆறறதுக்குள்ள தின்னு"ன்னாங்க.