பழைய காரில் புது ரேடியோ: டேஷ்போர்டை அறுக்காமல் மாற்றுவது எப்படி?

கையில் ஒரு மல்டிமீட்டர், ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் இருந்தால் பழைய காரின் ரேடியோவை நீங்களே மாற்றிவிடலாம். ஆனால் ஒரு நிபந்தனையோடு வேலையில் இறங்குங்கள்: என்றைக்காவது பழைய ரேடியோவைத் திரும்ப மாட்ட நினைத்தால், அது இருந்த இடத்தில் அப்படியே உட்கார வேண்டும். இரும்பு டேஷ்போர்டை ஒருமுறை அறுத்தால் அறுத்ததுதான். மற்ற எல்லாவற்றையும் திருப்பிச் செய்துகொள்ளலாம்.

1. வாங்குவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள்

இன்றைய ரேடியோக்கள் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்திருப்பது) வண்டிகளுக்காகச் செய்யப்பட்டவை. உங்கள் வண்டி அப்படித்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் மேலே உள்ள மூடிகளை எண்ணினாலே போதும். ஒரு செல்லுக்கு சுமார் 2 வோல்ட். 3 மூடி என்றால் 6 வோல்ட், 6 மூடி என்றால் 12 வோல்ட்.

அடுத்து, பேட்டரியிலிருந்து நேராக பாடிக்குப் போகும் தடித்த கேபிள் எந்த முனையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இருக்கும். புது ரேடியோவின் இரும்புக் கூடு நெகட்டிவ். அதை பாசிட்டிவ் எர்த் வண்டியின் டேஷ்போர்டில் முடுக்கி இணைப்பும் கொடுத்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட்; ஒயரே தீப்பிடிக்கலாம். 6 வோல்ட்டோ பாசிட்டிவ் எர்த்தோ இருந்தால், அந்த மாற்றத்தை மட்டும் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். அது முடிந்த பிறகு கீழே உள்ளதைத் தொடருங்கள்.

2. எந்த ரேடியோ?

பழைய ரேடியோக்களில் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்றாக நாப் மாட்டும் இரண்டு தண்டு, நடுவில் சின்ன முகப்பு. இன்றைய சாதாரண ரேடியோவுக்கு 182 மி.மீ. அகலம், 53 மி.மீ. உயரத்தில் செவ்வக வாய் வேண்டும். இந்த இரண்டும் பொருந்தாததால்தான் பலர் ரம்பத்தை எடுக்கிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. பழைய தோற்றத்தில், தண்டுகளின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் வசதியோடு, புளூடூத்தும் சேர்ந்த ரேடியோக்கள் கிடைக்கின்றன. தண்டுகளின் மையத்துக்கு மையம் தூரம், நடு வாயின் அளவு, உள்ளே இருக்கும் ஆழம் மூன்றையும் அளந்துவிட்டு வாங்குங்கள்.

பழைய ரேடியோ இன்னும் பாடுகிறதா? அப்படியானால் என் ஓட்டு வேறு வழிக்கு. அதைத் தொடாமல் விட்டுவிட்டு, புதியதைக் கிளவ் பாக்ஸுக்குள்ளோ சீட்டுக்கு அடியிலோ, தனி ஸ்பீக்கர்களோடு வையுங்கள்.

3. கழற்றுதல்

பேட்டரியின் எர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள். நாப்கள் பெரும்பாலும் நேராக இழுத்தாலே வந்துவிடும். வராவிட்டால் பக்கவாட்டில் பொடி ஸ்க்ரூ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உள்ளே தண்டுக்கு ஒரு மெல்லிய நட் இருக்கும். துருப்பிடித்திருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். குறடு போட்டுத் திருகினால் குரோம் போய்விடும். சரியான ஸ்பேனர்தான் வேண்டும்.

பின்பக்கம் ரேடியோவைத் தாங்கும் ஒரு பட்டை உண்டு. அதைக் கழற்றும்போது ஒரு கையால் ரேடியோவைத் தாங்கிக்கொள்ளுங்கள். வால்வு ரேடியோ (டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழாய்கள் உள்ளது) நல்ல கனம். ஒவ்வொரு ஒயரையும் பிடுங்கும் முன் போட்டோ எடுத்து, பேப்பர் டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

கழற்றிய டிரான்சிஸ்டர் ரேடியோவை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டிப் பார்க்காதீர்கள். பல மாடல்களில் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். வால்வு ரேடியோவைத் திறக்கவே வேண்டாம், உள்ளே உயர் மின்னழுத்தம். நட், வாஷர், நாப் எல்லாவற்றையும் அதனுடனேயே ஒரே பெட்டியில் போட்டு வையுங்கள்.

4. ஒயரிங்

புது ரேடியோவில் வழக்கமாக மஞ்சள் எப்போதும் மின்சாரம் உள்ள இணைப்பு, சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் வருவது, கறுப்பு எர்த். உங்களுடையதோடு வந்த தாளில் ஒருமுறை சரிபாருங்கள். பழைய துணி சுற்றிய ஒயர்களில் இன்சுலேஷன் உதிர்ந்திருக்கும். அவற்றை நம்பாமல் மஞ்சளுக்குப் பேட்டரியிலிருந்தே புது ஒயர் இழுங்கள். தாளில் சொன்ன ஆம்பியரில் ஒரு ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே போடுங்கள். ஃபியூஸ் ரேடியோவை மட்டும் காப்பாற்ற அல்ல, வழியில் உள்ள ஒயரையும் காப்பாற்ற. எர்த்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் முடுக்குங்கள்.

5. ஸ்பீக்கர்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பழைய வண்டியில் ஸ்பீக்கரின் ஒரு முனை பாடியிலேயே சேர்ந்திருக்கலாம். புது ரேடியோவின் ஸ்பீக்கர் ஒயர் எதுவும் பாடியைத் தொடக் கூடாது. தொட்டால் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் வெந்துவிடும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஒயரைத் தனியாகவே கொண்டுபோங்கள்.

டேஷ்போர்டு நடுவில் ஒரே ஸ்பீக்கர்தானா? இடது, வலது ஒயர்களை ஒன்றாக முறுக்கி அதில் கொடுக்காதீர்கள். இரட்டை காயில் (கம்பிச் சுருள்) உள்ள ஸ்பீக்கர் கிடைக்கும். ஒரு காயிலுக்கு இடது, மறு காயிலுக்கு வலது.

6. ஆன்டெனா

பழையதே போதும். எஃப்.எம். கேட்க சுமார் 75 செ.மீ. நீளம் பொருத்தமானது. அடிப்பாகம் பாடியைத் துருவில்லாமல் தொட வேண்டும்.

7. மூடுவதற்கு முன் சோதனை

பேட்டரியை இணைத்து, எஞ்சின் ஓடாதபோது கேளுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். இரைச்சல் வந்தால் ஆன்டெனா பிளக்கை உருவிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது ஆன்டெனா வழியாக வருகிறது. நிற்காவிட்டால் பெரும்பாலும் மின்சார ஒயர் வழியாக. ஆக்ஸிலரேட்டரோடு ஏறும் டிக்டிக் சத்தம் இக்னிஷனிலிருந்து வருவது. ரெசிஸ்டர் உள்ள ஸ்பார்க் பிளக் போட்டால் வெகுவாகக் குறையும். கீச்சென்று ஏறி இறங்கினால் பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோ. அதன் தடித்த அவுட்புட் முனையில் இரைச்சல் தடுக்கும் கண்டென்சரைப் போடுங்கள், ஃபீல்டு என்ற மற்ற முனையில் ஒருபோதும் வேண்டாம்.

வண்டி வாரக்கணக்கில் நிற்குமென்றால் பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்சும் போட்டுவிடுங்கள். ஸ்டேஷன்களை நினைவில் வைக்க, அணைத்திருக்கும்போதும் புது ரேடியோ கொஞ்சம் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.