இரண்டு சதுரங்களில் ஒரு கோடை டாப்: குரோஷா பழகுபவர்களுக்கு

இது மார்புச் சுற்றளவு 36 இன்ச் உள்ளவருக்கான கணக்கு. முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என 20 இன்ச் சதுரங்கள் இரண்டு பின்னி இணைத்தால் போதும். கண்ணி கூட்டவோ குறைக்கவோ வேண்டியதில்லை. எண்ணத் தெரிந்தால் இந்த டாப் வந்துவிடும்.

வாங்க வேண்டியவை

8 பிளை (நடுத்தரத் தடிமன்) பருத்தி நூல் 300 கிராம், அதாவது 50 கிராம் கண்டு ஆறு. குரோஷா ஊசி 3.5, 4, 5 மி.மீ. அளவுகளில் ஒவ்வொன்று. மொட்டை முனைத் தையல் ஊசி, இன்ச் டேப், இரண்டு சேஃப்டி பின். அக்ரிலிக் நூல் விலை குறைவுதான். ஆனால் வியர்வையை உறிஞ்சாது, வெயிலுக்கு வேண்டாம். எல்லாக் கண்டிலும் லாட் எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூலுக்கான எண்) ஒன்றாக இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். எண் மாறினால் டாப்பின் நடுவே நிறம் மாறித் தெரியும்.

முதலில் மாதிரித் துண்டு

இதைத் தவிர்க்கவே கூடாது. 4 மி.மீ. ஊசியில் 24 கண்ணி, 18 வரிசை ஹாஃப் டபுள் (முறை கீழே) பின்னி, நனைத்துக் காயவைத்து, நடுவில் 4 இன்ச் அளந்து பாருங்கள். 16 கண்ணியும் 12 வரிசையும் வரவேண்டும். 18 கண்ணி வந்தால் உங்கள் கை இறுக்கம். அதே கையில் 80 கண்ணி போட்டால் ஒரு துண்டு 18 இன்ச்கூட வராது, டாப் உடம்பில் ஏறாது. அரை மி.மீ. பெரிய ஊசிக்கு மாறுங்கள். கண்ணி குறைந்தால் சிறிய ஊசி.

ஹாஃப் டபுள் போடும் முறை: ஊசியில் நூலை ஒருமுறை சுற்றி, கண்ணிக்குள் நுழைத்து நூலை இழுங்கள். ஊசியில் மூன்று வளையம் இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி மூன்றின் வழியாகவும் ஒரே இழுப்பில் எடுங்கள். அமெரிக்க முறையில் இதற்குப் பெயர் ஹாஃப் டபுள், பிரிட்டிஷ் முறையில் ஹாஃப் ட்ரெபிள். வீடியோ பார்த்துப் பழகும்போது எந்த முறை என்று கவனியுங்கள்.

துண்டு பின்னுதல்

5 மி.மீ. ஊசியில் 81 சங்கிலி (ஊசியில் உள்ள வளையத்தின் வழியாக நூலை இழுத்தால் ஒரு சங்கிலி). அடிச்சங்கிலி இறுகினால் டாப்பின் கீழ்விளிம்பு சுருங்கிக்கொள்ளும், அதற்காகத்தான் பெரிய ஊசி. பிறகு 4 மி.மீ. ஊசிக்கு மாறி, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி 80 ஹாஃப் டபுள். ஒரு சங்கிலி போட்டுத் திருப்பி, முதல் கண்ணியிலேயே அடுத்த வரிசையைத் தொடங்குங்கள். இந்தத் திருப்புச் சங்கிலியைக் கண்ணியாக எண்ணக்கூடாது. இப்படியே 60 வரிசை.

பழகுபவர்களுக்குப் பெரும்பாலும் ஓரம்தான் சாயும். வரிசையின் கடைசிக் கண்ணி ஒடுங்கி மறைந்திருக்கும். அதை விட்டால் துண்டு குறுகும். திருப்புச் சங்கிலியில் தவறிப் பின்னினால் அகலும். ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியிலும் சேஃப்டி பின் மாட்டிவிடுங்கள். திரும்பி வரும்போது அதுதான் கடைசிக் கண்ணி. 79 வந்தால் அந்த வரிசையைப் பிரித்துவிடுவதே நல்லது.

புதிய கண்டை வரிசை ஓரத்தில் சேருங்கள். முடிச்சு வேண்டாம், 6 இன்ச் வால் விட்டுப் பிறகு கண்ணிகளுக்குள் செருகிக்கொள்ளலாம்.

இணைத்தல்

இரண்டு துண்டையும் நனைத்து, 20 இன்ச்சுக்கு விரித்துப் பின் குத்திக் காயவையுங்கள். பிறகு ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேல்விளிம்பின் இரு ஓரத்திலிருந்தும் 18 கண்ணி தளர்வாகத் தைத்தால் தோள். நடுவில் மிஞ்சும் 44 கண்ணி கழுத்து. சுற்றிலும் 22 இன்ச் கிடைக்கும், தலை நுழையும். பக்கவாட்டில் கீழிருந்து 36 வரிசை தைத்து, மேலே 8 இன்ச்சைக் கைக்கு விடுங்கள்.

கழுத்துக்கும் கைக்கும் 3.5 மி.மீ. ஊசியில் ஒரு சுற்று சிங்கிள் குரோஷா (முதலில் நூலைச் சுற்றாமல் ஊசியை நுழைத்து நூலை இழுத்து, பிறகு நூலைச் சுற்றி இரண்டு வளையத்தின் வழியாகவும் எடுப்பது). கழுத்தில் கண்ணிக்கு ஒன்று. கையில் மூன்று வரிசைக்கு நான்கு, ஏனென்றால் வரிசையின் உயரம் கண்ணியின் அகலத்தைவிட அதிகம். வரிசைக்கு ஒன்று போட்டால் கைப்பகுதி சுருங்கும்.

துவைத்தபின் கொடியில் தொங்கவிடாதீர்கள். ஈரப் பருத்தி தன் கனத்தாலேயே நீண்டுவிடும். ஒரு டவலின்மேல் விரித்து நிழலில் காயவையுங்கள்.