குறட்டை நின்றால் போதாது: ஸ்லீப் ஆப்னியாவில் பல் டாக்டர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் எங்கள் பல் கிளினிக்குக்குப் பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர் செல்போனில் இரண்டு பதிவுகளைப் போட்டுக் காட்டினார். முதலாவதில் ஒருவர் விடுகிற குறட்டை, போனே அதிர்கிறது. இரண்டாவதில் ஃபேன் சத்தம் மட்டும். "வாயில மாட்டற கருவி கொடுத்து ஒரே வாரந்தான் சார்" என்றார், முகமெல்லாம் சிரிப்பு.

"அதுக்கு முன்னாடி ஸ்லீப் ஸ்டடி எடுத்துப் பாத்தீங்களா?" தூக்கத்தில் மூச்சு எப்படி ஓடுகிறது என்று ராத்திரி முழுக்க அளந்து பார்க்கும் பரிசோதனையைத்தான் கேட்டேன்.

"வெறும் குறட்டைதானே சார்."

பதினோரு வருடத்துக்கு முன் நான் சொன்ன அதே வார்த்தை. அந்தக் குறட்டைக்குப் பின்னால் ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போகும் நோய், இருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன். அளவு கோணலாக எடுப்பது மாதிரியான தவறுகளை விட்டுவிடுகிறேன். அவை ஒரு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும்.

சத்தத்துக்கு வைத்தியம் பார்ப்பது

கிணற்றில் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்த நோய் சட்டென்று புரியும். தண்ணீர் இழுக்கும் பக்கத்தில் கெட்டியில்லாத ஓஸைப் போட்டால், மோட்டார் இழுக்க இழுக்க அது சப்பி ஒட்டிக்கொள்ளும். தூக்கத்தில் தொண்டைக்கு நடப்பதும் அதுதான். விழித்திருக்கும்போது தசைகள் குழாயை விறைப்பாகப் பிடித்திருக்கும். தூங்கியதும் தளரும், நாக்கின் அடி பின்னால் சரியும். குழாய் பாதி சப்பினால் அதிர்ந்து குறட்டை வரும். முழுக்க ஒட்டிக்கொண்டால் சத்தமே வராது. நெஞ்சு ஏறி இறங்கும், காற்று உள்ளே போகாது. பத்து விநாடியோ அதற்கு மேலோ இப்படி நின்றால் அது ஒரு மூச்சடைப்பு. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கி, மூளை உசுப்பிவிட்ட பிறகுதான் திணறலோடு ஒரு பெரிய மூச்சு வரும்.

மூச்சு நிற்பதும் குறைவதும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை என்று எண்ணுவார்கள். 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

நாம் செய்து தரும் கருவி மேல் பல்லிலும் கீழ்ப் பல்லிலும் மாட்டிக்கொண்டு கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் பிடித்து வைக்கும். தாடையோடு நாக்கும் முன்னால் வரும், குழாய் திறக்கும். நல்ல கருவிதான். ஆனால் குறட்டையின் அதிர்வை அடக்கும் அளவுக்குக் குழாய் திறந்தாலும், மூச்சடைப்பு ராத்திரி முழுக்கத் தொடரலாம்.

சங்ககிரிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். சொந்த லாரி, அவரே லைனுக்குப் போவார். கடைவாய்ப் பல் வலி என்று வந்தவர், நாற்காலியைச் சாய்த்ததும் தூங்கிவிட்டார், வாயில் என் கண்ணாடி இருக்கும்போதே. கூட வந்த அவர் மனைவி, "இவரு போடற குறட்டைல நாந்தானுங்க தூங்கி வருசக்கணக்காச்சு" என்றார். ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய் வந்த சூடு எனக்கு. அன்றைக்கே அளவு எடுத்து, பத்து நாளில் கருவி கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் அந்த அம்மா ஒரு பை நிறையப் பச்சை நிலக்கடலையோடு வந்து, "இப்பத்தானுங்க டாக்டரு வீட்டுல ராத்திரின்னு ஒண்ணு இருக்குது" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எட்டு மாதம் கழித்து விடிகாலை நான்கு மணிக்குத் தொப்பூர் இறக்கத்தில் அவர் வண்டி தடுப்புச் சுவரில் உரசி நின்றது. ஒரு கண் சொக்கல்தான். யாருக்கும் உயிர் போகவில்லை. அப்புறம் கோயம்புத்தூரில் நுரையீரல் டாக்டரைப் பார்த்திருக்கிறார். கருவியை மாட்டியபடியே ஸ்டடி எடுத்ததில் மணிக்கு 41. நான் கருவி கொடுத்த பிறகு, அதைப் போட்டுக்கொண்டு தூங்கும்போது 41. அந்த எட்டு மாதமும் அவர் "குணமாயிருச்சு" என்று நம்பியிருந்தார். குறட்டை என்று ஒரு எச்சரிக்கை இருந்தது, பக்கத்தில் படுத்தவரை எழுப்பிக்கொண்டிருந்தது. நான் அதைத்தான் நிறுத்தியிருக்கிறேன்.

இன்றும் அந்த ரிப்போர்ட் தாளின் நகல் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அந்த இளம் டாக்டருக்கு அதைத்தான் எடுத்துக் காட்டினேன்.

ஆகவே, வரிசை இதுதான். முதலில் ஸ்டடி. வீட்டிலேயே ஒரு ராத்திரி, விரலில் கிளிப், மூக்கில் சின்னக் குழாய், நெஞ்சில் பெல்ட் வைத்தும் எடுக்கலாம். அதைப் பார்த்து நோய் என்ன என்று சொல்ல வேண்டியவர் தூக்க மருத்துவம் தெரிந்த டாக்டர், நாம் அல்ல. அவர் எழுதித் தந்தால் கருவி. தாடையைச் சிறிது சிறிதாக நகர்த்தி முடித்த பிறகு, கருவி வாயில் இருக்க மறுபடியும் ஒரு ஸ்டடி. அமெரிக்கத் தூக்க மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் சேர்ந்து 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. இரண்டாவது ஸ்டடியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "செலவு பண்ண மாட்டாங்க சார்" என்கிறார்கள். கருவிக்குச் செலவு பண்ணியவரிடம் இதையும் எடுத்துச் சொல்ல வேண்டியது நம் வேலை.

தேய்ந்த பல்லை மட்டும் பார்ப்பது

கேப் போடுவதற்கு முன் நாக்கை நீட்டச் சொல்லுங்கள். ஓரமெல்லாம் பல் பதிந்த தழும்பு, குறுகி உயர்ந்த மேலண்ணம், உள்ளடங்கிய தாடை, காலையில் வாய் வறட்சி, ராத்திரி பல் கடிப்பது, இதில் இரண்டு மூன்று சேர்ந்தால் தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். காலையில் தலைவலி உண்டா, ராத்திரி எத்தனை முறை ஒன்றுக்குப் போக எழுகிறார், பிரஷருக்கு எத்தனை மாத்திரை. வருடத்துக்கு ஒரு முறைகூட டாக்டரைப் பார்க்காதவர்கள் பல் வலிக்கு நம்மிடம் வருகிறார்கள். அவர்கள் தொண்டையை வெளிச்சம் போட்டுப் பார்ப்பவர்கள் நாம்தான்.

ஒல்லியானவருக்கு வராது என்று நினைப்பது

வரும். கழுத்து 40 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது சரி. ஆனால் நம் ஆட்களில் தாடை சிறுத்தவர்களுக்கு எடை ஏறாமலே வருகிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் வரும். அவர்கள் குறட்டை என்று சொல்ல மாட்டார்கள், "அசதியாவே இருக்குதுங்க, தூக்கமே புடிக்கறதில்ல" என்பார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர் என்றால் அசதிக்கு ஷிஃப்டைக் காரணம் சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

நோயாளியிடம் மட்டும் கேட்பது

பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள்.

முதல் நாளே தாடையை முழுக்க இழுப்பது

அவரால் முன்னால் நீட்ட முடிகிற தூரத்தில் பாதியளவில் தொடங்குங்கள். பிறகு அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று நகர்த்துங்கள். அவசரப்பட்டால் தாடை மூட்டு வலித்து ஒரே வாரத்தில் கருவி பீரோவுக்குள் போய்விடும். வருடக்கணக்கில் போடுபவர்களுக்குக் கடி, அதாவது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்தும் விதம், மெல்ல மாறும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஆறு மாதத்துக்கொரு முறை பாருங்கள். பல் ஆடுகிறவருக்கும், பிடித்துக்கொள்ளப் போதிய பல் இல்லாதவருக்கும் இந்தக் கருவி வேண்டாம்.

வெந்நீரில் போட்டுக் கடிக்கும் ஆன்லைன் கருவி

வேண்டாம்.

குழந்தையின் குறட்டையை ரசிப்பது

வாயைத் திறந்து தூங்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் டான்சிலும் அடினாய்டும்தான் காரணம். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்புங்கள்.

தூக்கம் வராததற்கு மாத்திரை, இல்லை ஒரு குவார்ட்டர்

இரண்டும் தொண்டையை இன்னும் தளர்த்தலாம்.

சிபாப் மிஷினை எதிரியாகப் பார்ப்பது

மூக்கு வழியே காற்றழுத்தம் கொடுத்துக் குழாயைத் திறந்து வைக்கும் மிஷின் அது. ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் 1981-ல் வெளியிட்டது. கடுமையான நோய்க்கு அதுதான் முதல். லேசான, நடுத்தர நோய்க்கும், மிஷினைத் தாங்க முடியாதவர்களுக்கும் நம் கருவி. சிலருக்கு இரண்டும் சேர்ந்து தேவைப்படும். "மிஷின் எதுக்குங்க, என்கிட்ட சின்னதா ஒண்ணு இருக்குது" என்று எந்த நோயாளியிடமும் சொல்லாதீர்கள்.

சங்ககிரிக்காரர் இப்போது மிஷினோடுதான் லைனுக்குப் போகிறார். வண்டி பேட்டரியிலேயே ஓடுகிற மாதிரி கன்வெர்ட்டர் வைத்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கைக்குப் பக்கத்தில் பெல்ட் போட்டுக் கட்டியிருக்கிறார். போன மாதம் பல் சுத்தம் செய்ய வந்தார். நாற்காலியைச் சாய்த்தேன். முக்கால் மணி நேரமும் கண்ணைத் திறந்தபடியே படுத்திருந்தார்.