முதலில் தட்டு, பிறகு கதை

குன்னூரில் எங்கள் வீட்டு முன்னறையில் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எட்டுப் பத்துப் பேர் கூடி, ஒரே ஓர் இசைத்தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை கேட்டுவிட்டு, அது எப்படிப் பதிவானது என்று பேசுவது சில ஆண்டுகளாக நடந்துவருகிறது. தம் ஊரிலும் இப்படி ஒன்றைத் தொடங்க விரும்புவோர் முதலில் கேட்பது, எந்தக் கருவி வாங்கலாம் என்பதைத்தான். கருவி பெரிய காரியமில்லை. சுமாரான ரெக்கார்டு பிளேயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் போதும், அதற்கும் வழியில்லையென்றால் கைப்பேசியை ஆம்ப்ளிஃபையரில் இணைத்துக் கேட்டாலும் குறைவில்லை. பேச்சைச் சரியாக நடத்துவதுதான் கடினம். ஒலிப்பதிவுக் கதைகள் வாய்க்கு வாய் வளர்பவை. அவற்றை அவிழ்த்துவிட்டால் ஒரு பிற்பகல் முழுவதும் கதையாகவே கழிந்து, இசைத்தட்டு உறையைவிட்டு வெளியே வராமலே போகும். ஆகவே எங்கள் கூடுகைக்கு ஒரே விதி வைத்திருக்கிறோம்: காதில் விழாத கதையைச் சொல்லக் கூடாது. சொல்பவர் தட்டில் முள்ளை வைத்து, இதோ இந்த இடம் என்று காட்ட வேண்டும்.

இந்த விதி பிறந்ததற்கு நானே காரணம். தொடங்கிய வருடத்து ஐப்பசியில் ஒரு பழைய வீணைத் தட்டைப் போட்டு, ஆலாபனைக்குப் பின்னால் மெல்லச் சடசடக்கும் ஒலி பதிவுக் கூடத்தின் தகரக் கூரையில் பெய்த மழை என்று, எங்கோ கேட்டதை உறுதியாகச் சொல்லிவிட்டேன். வெளியேயும் மழை கொட்டிக்கொண்டிருந்ததால் அனைவரும் உருகிப்போனார்கள். அடுத்த மாதம் பக்கத்து வெலிங்டனிலிருந்து வரும் நண்பர் அதே தட்டின் வேறொரு பிரதியைக் கொண்டுவந்தார். அதில் மழை பெய்யவில்லை. என் பிரதியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, கோடுகளின் மேல் சாம்பல் பூத்தாற்போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

எனவே மலையூரில் தட்டு கேட்பவர் கதைக்கு முன்னால் பூஞ்சணத்தைக் கவனிக்க வேண்டும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். அந்த மூன்று மாதங்களில் வெளிச்சுவர்கள் வியர்க்கும். தட்டுகளை அந்தச் சுவரை ஒட்டி அடுக்காமல், உள்சுவர் ஓரமாக, கீழே பலகை கொடுத்து, நிமிர்த்தி வைக்க வேண்டும். வினைல் தட்டில் பூஞ்சணம் கண்டால், காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் துலக்கும் சோப்பு ஓரிரு சொட்டு விட்டு, நடுவிலுள்ள காகித முகப்பை நனைக்காமல், மென்மையான துணியால் கோடுகள் போகும் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, மறுபடி வெறும் வடிநீரால் அலசி நிழலில் நிறுத்திவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டுகளில் மட்டும் ஸ்பிரிட்டைத் தொடவே கூடாது. அவை அரக்கால் ஆனவை, ஸ்பிரிட்டில் கரைந்துபோகும். பூஞ்சணம் பிடித்த உள்ளுறையை எறிந்துவிடலாம், வெளியுறையை எறிய வேண்டாம், ஏனெனில் பாதிக் கதை அதன் பின்பக்கத்தில்தான் அச்சாகியிருக்கும். கேசட்டில் பூஞ்சணம் இருந்தால் அதைப் போட்டுப் பார்க்கும் ஆசையையே விட்டுவிட வேண்டும். அது பிளேயரின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும்.

முதல் கூடுகைக்கு அபூர்வமான தட்டைத் தேடி அலைய வேண்டாம். எல்லோருக்கும் மனப்பாடமானதையே எடுங்கள். நாங்கள் எடுத்தது எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம். 1963-இல் வெளிவந்த அந்தத் தட்டின் உரிமைத்தொகையை அவர் திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்கே அளித்துவிட்டார். பனி விலகாத விடியலில் எதிர்ச்சரிவுக் கோயிலின் ஒலிபெருக்கியிலிருந்து பள்ளத்தாக்கைத் தாண்டி வரும் அந்தக் குரலைக் கேட்டே வளர்ந்தவர்கள்தான் அன்று வந்திருந்த அனைவரும். கேட்பதற்கு முன் ஒரு கேள்வி மட்டும் போட்டேன்: இதில் எத்தனை பேர் பாடுகிறார்கள்? ஒருவர் என்றுதான் ஏறக்குறைய எல்லோரும் சொன்னார்கள். தட்டு ஓடத் தொடங்கிய பிறகுதான், எம்.எஸ்ஸின் குரலோடு இழைந்து மகள் ராதா விஸ்வநாதனின் குரலும் வருவதைக் கவனித்தார்கள். நாற்பது வருடம் கேட்ட ஒன்றில் இன்னொரு குரல் இருந்ததை அறியும் அந்தக் கணம் ஒருவருக்கு வாய்த்துவிட்டால், அடுத்த மாதம் அழைக்காமலே வந்துவிடுவார்.

நடத்தும் முறை எளிது. முதலில் ஒரு பக்கத்தை முழுமையாக, பேச்சில்லாமல் கேட்க வேண்டும், எல்.பி. தட்டின் ஒரு பக்கம் சுமார் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான், அதற்குள் யாருக்கும் உயிர் போய்விடாது. தேநீர் இந்த நேரத்தில் தரலாம், வர்க்கி தரக் கூடாது. ஊட்டி வர்க்கியைக் கடிக்கும் ஓசை எந்த மிருதங்கத்தையும் அமுக்கிவிடும். பக்கம் முடிந்ததும், தட்டைக் கொண்டுவந்தவரைத் தவிர மற்றவர்கள் தம் காதில் விழுந்ததைச் சொல்ல வேண்டும். பிடித்தது, பிடிக்கவில்லை என்று நிறுத்திக்கொள்பவரிடம், எந்த இடத்தில் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். அதன் பிறகே கொண்டுவந்தவர் பதிவுக் கதையைப் பத்து நிமிடத்துக்கு மிகாமல் சொல்லி, அது கேட்கும் இடத்தை மறுபடி போட்டுக் காட்ட வேண்டும். கதையை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் எல்லோரும் கதையைத்தான் கேட்பார்கள், இசையைக் கேட்க மாட்டார்கள்.

காட்டிக் கேட்பதற்கு மிகப் பொருத்தமான கதை, அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் கைண்ட் ஆஃப் ப்ளூ தட்டினுடையது. நியூயார்க்கில் முன்பு தேவாலயமாக இருந்த கட்டடத்தில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் வைத்திருந்த பதிவுக் கூடத்தில், 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாட்களில் அது பதிவானது. மார்ச் மாதப் பதிவின்போது பிரதான ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் இசை விரைவதோடு சுருதியும் ஏறும். முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் அந்த நாளுக்குரியவை என்பதால், 1992-இல் வெளியான மறுபதிப்பில் திருத்தப்படும்வரை, முப்பது வருடங்களுக்கு மேலாக உலகம் அந்தப் பக்கத்தைச் சுருதி ஏறிய நிலையிலேயே கேட்டுவந்தது. இதை வாயால் சொன்னால் ஒரு தகவலாகவே நின்றுவிடும். எங்கள் கூட்டத்தில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் இருக்கிறார். அவர் தம் சுருதிப் பெட்டியை, முதல் உருப்படிக்கு உரிய சுருதியான இரண்டு கட்டையில் வைத்து, பழைய தட்டில் அதை ஓடவிடச் சொன்னார். பெட்டியின் ரீங்காரமும் தட்டிலுள்ள பாஸ் வாத்தியமும் ஒன்றோடொன்று உரசி, பல் கூசியது. திருத்திய பதிப்பைப் போட்டதும் இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூட அன்று சிரித்துவிட்டார்கள். "இத்தனை வருஷம் யாருமே சுருதி பார்க்கலையா?" என்று அந்த அம்மா கேட்டதற்கு எங்களிடம் பதிலில்லை.

குறைபட்ட கருவியே இசையின் வடிவத்தைத் தீர்மானித்த கதைகளும் உண்டு. அமெரிக்கப் பியானோ கலைஞர் கீத் ஜாரெட் 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கோல்ன் நகர இசைநாடக அரங்கில் தனியே வாசித்தபோது, அவர் கேட்ட பெரிய பியானோவுக்குப் பதிலாக, சுருதி கலைந்த, உச்ச ஸ்தாயி மெலிந்த சிறிய பியானோ ஒன்றுதான் மேடையில் இருந்தது. பதின்ம வயதிலிருந்த அமைப்பாளர் வேரா பிராண்டஸ் மன்றாடியதால்தான் அவர் வாசிக்க இசைந்தார். ஏறக்குறைய இருபத்தாறு நிமிடம் நீளும் முதல் பகுதியைக் கேட்கும்போது, வலக்கை நடு ஸ்தாயியைவிட்டு அதிகம் வெளியேறாமல் இருப்பதையும், இடக்கை ஒரே ஸ்வரக்கோவையைத் திரும்பத் திரும்ப அழுத்தி வாசிப்பதையும் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல பியானோ கிடைத்திருந்தால் இந்த இசை கிடைத்திருக்குமா என்ற விவாதம் தானாகவே கிளம்பும்; அதை முடித்துவைக்க முயல வேண்டாம்.

நம்முடைய தொகுப்புகளில் இதே வழியில் கேட்க ஏற்றது இளையராஜாவின் 1986-ஆம் ஆண்டுத் தொகுப்பான ஹவ் டு நேம் இட். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்ட அதில், பிரதான வயலின் வி.எஸ். நரசிம்மனுடையது. பாஹை என் வீட்டில் சந்தித்தேன் என்று பெயரிட்ட உருப்படிக்கு முன்னால், பார்டிட்டா எனப்படும் பாஹின் தனி வயலின் தொகுப்புகளில் மூன்றாவதன் முதல் பகுதியைத் தனியே போட்டுக் கேட்டுவிடுங்கள். பழைய இழை எங்கே தொடர்கிறது, அதைச் சுற்றி இளையராஜா எதை நெய்திருக்கிறார் என்பது அப்போது விளக்கம் தேவைப்படாமலே விளங்கும். சந்தூர் வாசித்த ஷிவ்குமார் சர்மா, புல்லாங்குழல் வாசித்த ஹரிபிரசாத் சௌராசியா, கிட்டார் வாசித்த பிரிஜ் பூஷண் கப்ரா மூவரும் 1967-இல் தந்த கால் ஆஃப் த வேலி தொகுப்போ, காஷ்மீரத்து இடையன் ஒருவனின் ஒரு நாளைக் காலை ராகத்தில் தொடங்கி இரவுவரை கொண்டுசெல்வது. அதைத் துண்டு போடாமல், வெளிச்சம் மங்கும் வேளையில் கேட்பது நல்லது.

கதையைத் திரட்டும்போது உறையின் பின்பக்கத்தில் தொடங்கி, பதிவுப் பொறியாளரோ வாத்தியக்காரரோ தம் வாயால் சொன்ன பேட்டிகளுக்குப் போக வேண்டும். தேதி, இடம், கருவி ஆகிய மூன்றும் இல்லாத கதையை நான் இப்போது தொடுவதில்லை. பழைய தமிழ்த் திரைப்படத் தட்டுகளில் இது எளிதல்ல. நாயகன் படம் உறையை நிறைத்திருக்கும், ஷெனாய் வாசித்தவர் பெயர் எங்கும் இருக்காது. இது எனக்குத் தீராத ஆதங்கம்.

அதனால்தான், நீலகிரியில் இருப்பவர்கள் ஒரு கூடுகையையாவது படுக மொழிப் பாடல் கேசட்டுகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். அவற்றைப் பாடியவர்களும் எழுதியவர்களும் பலர் இன்னும் பக்கத்து ஹட்டிகளிலேயே, அதாவது படுகர் ஊர்களிலேயே இருக்கிறார்கள். கேசட்டை எடுத்துக்கொண்டு நேரில் போய், எந்த ஊர்க் கூடத்தில் பதிவு செய்தீர்கள், ஒரு நாளில் எத்தனை பாட்டு முடிந்தது, கீபோர்டு யாருடையது, கோத்தர் பழங்குடியினரின் கொல் என்னும் ஊதுகருவியின் ஒலியை அதில் சேர்க்க நினைத்தீர்களா என்று கேட்டு, அவர்கள் அனுமதியோடு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எங்களில் ஒருவர் இப்படிப் போனபோது, பாடகர் பதில் சொல்வதற்கு முன் கேசட்டைப் போடச் சொல்லி, இரண்டாவது பாட்டில் ஓரிடத்தில் கை உயர்த்தி நிறுத்தினார். அங்கே பின்னணியில் யாரோ இருமுவது கேட்கிறது. அது ஆர்மோனியம் வாசித்த அவருடைய அண்ணனாம். இன்னொரு டேக் எடுக்கப் பணம் இல்லையாம்.

கடைசியாக மின்சாரம். மழைக்காலத்தில் அது எந்த நேரமும் நின்றுபோகலாம். நின்றால் தட்டு மெல்லச் சுழன்று, குரல் தடித்துக் கீழிறங்கி அடங்கும். உடனே முள்ளைத் தூக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மின்சாரம் திரும்பும்போது முள் தட்டின் மேலேயே கிடக்கும். வர்க்கியை எடுத்துவைக்க அதுவே சரியான நேரம். வெளிச்சம் வந்த பிறகு, விட்ட இடத்தைத் தேடாமல் அந்தப் பக்கத்தை முதலிலிருந்து ஓடவிடுங்கள்; கோத்தகிரிக்குப் போக வேண்டியவர்கள் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால், இரவு தங்க இடம் கொடுக்க வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு.