சிறுவர்களுக்குப் பேய்க்கதை எழுதுவது எப்படி?

8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கான பேய்க்கதைக்கு 1000 முதல் 1500 சொற்கள் போதும். ஓர் இடம், ஓர் இரவு, ஒரே ஒரு பேய். பாழடைந்த பங்களாவெல்லாம் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. மொட்டைமாடி, பள்ளிக்கூடக் கழிப்பறை, பாட்டி வீட்டுக் கிணற்றடி என்று பிள்ளைகள் அன்றாடம் புழங்கும் இடமாக எடுங்கள்.

கிணற்றடியையே வைத்துக்கொள்வோம். 'பயங்கரமான அலறல் கேட்டது' என்றால் எந்தப் பிள்ளையும் அசையாது. இப்படி எழுதிப் பாருங்கள்: 'ராட்டினம் கிரீச்சிட்டது. கனி ஜன்னல் வழியே பார்த்தாள். கிணற்றடியில் ஆளில்லை. கயிறு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.' முதலில் சத்தம், பிறகு காட்சி, கடைசி வாக்கியத்தில்தான் விபரீதம். கதை முக்கால்வாசி தாண்டும்வரை ஈரக் காலடி, பாசி வாடை என்று தடயங்கள் மட்டும் வரட்டும். பேயைக் காட்டும்போதும் ஒரு கை போதும்.

பேய்க்கு ஒரு விதி வையுங்கள். விக்கிரமாதித்தன் வாய்திறந்தால் வேதாளம் முருங்கைமரம் ஏறிவிடும். கதை முழுக்க அந்த முடிச்சில்தான் நிற்கிறது. விடை தெரியாத விடுகதையை விட்டு நம் கிணற்றுப் பேயால் நகர முடியாது என்று பாட்டி முதல் பக்கத்திலேயே போகிறபோக்கில் சொல்லட்டும். முடிவில் கனி விடுகதை போட்டு விடியும்வரை அதை மாட்டிவைக்கலாம். விதி கடைசியில் திடீரென முளைத்தால் பிள்ளைகள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பூசாரியோ அப்பாவோ வந்து காப்பாற்றினாலும், எல்லாம் கனவு என்று முடித்தாலும் அதே ஏமாற்றம்தான்.

சிரிப்பு பயத்துக்குப் பின்னால் வரவேண்டும். கை தெரிந்து, மூச்சடைத்து நிற்கும்போது பேய் தும்மட்டும். தண்ணீரிலேயே கிடந்தால் சளி பிடிக்காதா! முன்கூட்டியே தும்மிவிட்டால் அந்தக் கைக்கு யாரும் பயப்படமாட்டார்கள். பயந்த பிள்ளையை மட்டும் கேலிக்கு ஆளாக்காதீர்கள், படிக்கிற பிள்ளையும் அதே அளவு பயந்துதான் இருக்கும்.

இன்னொன்றில் கண்டிப்பாக இருங்கள். நம் ஊர்ப் பேய்க்கதைகளில் பின்கதை பெரும்பாலும் தற்கொலை, இல்லையென்றால் கொலை. சிறுவர் கதைக்குள் அதைக் கொண்டுவர வேண்டாம். கிணற்றில் விழுந்த கொலுசைத் தேடும் பேய் என்றாலே போதும், பிள்ளைகளே சேர்ந்து தேடக் கிளம்பிவிடுவார்கள்.

உரையாடல் பேச்சுத்தமிழில் இருக்கட்டும். 'நீ யார்?' என்பதைவிட 'யார்டி அது, மேல?' என்று கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தால்தான் முதுகு சில்லிடும்.

எழுதியதை நாலைந்து பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் நெளியும் இடத்தில் வர்ணனையை வெட்டுங்கள். 'அப்புறம்?' என்று கேட்கும் இடத்தில் அந்தப் பகுதியை முடியுங்கள்.