வீடியோ கேமரா வாங்குமுன்: மலிவா, தொழில்முறையா?

புதிதாக வீடியோ எடுக்க வருபவர்கள் முதலில் கேட்பது, "4கே (மிகத் துல்லியமான படம்) இருக்கா?" அதைக் கடைசியில் கேட்டால் போதும். ஃபோனிலேயே 4கே வந்து வருடங்கள் ஆகிவிட்டன.

முதல் வேலை: எந்த வெளிச்சத்தில் எடுக்கப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு பகல் வெயிலில் நடப்பது. கேலரியில் நின்று வாடிவாசலை எட்டிப் பிடிக்க நல்ல ஆப்டிகல் ஜூம் (லென்ஸே தூரத்தைக் கிட்டக் கொண்டுவருவது) உள்ள மலிவு ஹேண்டிகேமே, அதாவது கைக்கடக்கமான வீடியோ கேமராவே போதும். அழகர் ஆற்றில் இறங்குவது விடியும் நேரம். அரை இருட்டில் சின்ன சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) புள்ளி புள்ளியாகக் காட்டும். மலிவு ஹேண்டிகேமின் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. விலை உயர்ந்த கேமராக்களில் வரும் ஃபுல் ஃபிரேம் எனும் பெரிய சென்சார் 36×24 மில்லிமீட்டர். விலை ஏறுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அடுத்து ஒலி. என்னைக் கேட்டால் படத்தைவிட இதுதான் முக்கியம். கெட்டிமேளம் முழங்கியதும் தானியங்கிக் கேமரா ஒலியைச் சட்டென்று அமுக்கிவிடும். அப்புறம் ஐயர் சொல்லும் மந்திரம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். அதனால் மைக் சொருகும் துளை இருக்கிறதா, ஒலி அளவைக் கையால் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். தொழில்முறைக் கேமராவில் பெரும்பாலும் இரண்டு எக்ஸ்எல்ஆர் துளைகள் (மூன்று முனை கொண்ட பெரிய மைக் பிளக் சொருகுவது) இருக்கும்: ஒன்றில் உங்கள் மைக், மற்றதில் மண்டபத்து மைக்செட் இணைப்பு.

மூன்றாவது, நேரம். பங்காளி வீட்டுக் காதுகுத்தில் தாய்மாமன் சீர் வந்துகொண்டே இருந்தது. என் கேமரா 29 நிமிடம் 59 வினாடியில் நின்றுவிட்டது. அது பழுதில்லை. அரை மணி நேரம் தொடர்ந்து பதியும் கருவிக்கு ஐரோப்பாவில் கூடுதல் சுங்கவரி இருந்ததால், பழைய ஸ்டில் கேமராக்கள் பலவற்றில் அந்த வரம்பை வைத்தார்கள். கார்டுக் கணக்கையும் போடுங்கள்: 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்) தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி.

கடையிலேயே ட்யூப்லைட்டைப் படமெடுத்துப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை (ஒவ்வொரு படத்துக்கும் சென்சார் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 அல்லது 1/100 வினாடி என வைக்க முடியாவிட்டால் படம் மினுக்கும்.

வருடத்துக்கு இரண்டு மூன்று விசேஷம்தானா? ஃபோன், காலர் மைக், ஸ்டாண்ட் போதும். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஆர்டர் வருமென்றால் பெரியது வாங்கலாம். அதையும் ஒருநாள் வாடகைக்கு எடுத்து, காலையிலிருந்து பந்தி முடியும்வரை தோளில் சுமந்து பாருங்கள்.